அக்கா என்று கூப்பிட்ட பிறகு

'சஸ்டைனபிள் டெவலப்மென்ட்'னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது சோலார் பேனல், மின்சார ஸ்கூட்டர், துணிப்பை. பௌத்தம்னு சொன்னா, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற ஒருத்தர். ரெண்டும் உண்மையிலேயே சந்திச்ச ஒரு இடத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். அங்க கிணறும் இருக்கு, ஒருத்தரை எப்படிக் கூப்பிடுறோம்ங்கிற கேள்வியும் இருக்கு.

1958 டிசம்பர், இலங்கை. கொழும்பு நாலந்தா கல்லூரி பேர் பெற்ற ஒரு பௌத்தப் பள்ளி. அங்கே ஆசிரியராக இருந்த ஏ.டி. ஆரியரத்னவுக்கு அப்போ வயசு 27. அவர் தன் மாணவர்களைக் கூட்டிக்கிட்டு கனதொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். அங்கே வாழ்ந்தவங்க ரொடியா மக்கள். சிங்களச் சாதி அடுக்கில் எல்லாருக்கும் கீழே வைக்கப்பட்டவங்க. பிச்சை எடுப்பதுதான் அவங்க வேலைன்னு தலைமுறை தலைமுறையா விதிச்சிருந்தாங்க. பௌத்தர்கள்கிட்ட சாதியான்னு கேட்காதீங்க, இருந்தது. நகரத்துப் பையன்கள் அந்த ஊர்லயே தங்கி, அவங்களோட சேர்ந்து மண் வெட்டினாங்க.

அந்த ஒரு முகாம்தான் பிறகு சர்வோதய சிரமதான இயக்கமா வளர்ந்து, ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் போச்சு. பெயர் காந்தி வழியில் வந்தது. சிரமதானம்னா உழைப்பைக் கொடையாகக் கொடுப்பது. இலங்கைத் தமிழர்கள் இன்னைக்கும் பள்ளிக்கூட வளவைத் துப்புரவாக்கப் போகும்போது "சிரமதானத்துக்குப் போறம்"னு சாதாரணமாச் சொல்வாங்க.

எனக்கு இதில் முக்கியமாப் படுறது மண்வெட்டி இல்லை. பௌத்த நூல்கள், மனுஷங்களைச் சேர்த்து வைக்கிற நாலு விஷயங்களைச் சொல்லுது: தானம், பிரிய வசனம், பிறருக்குப் பயன்படுற செயல், சமமாக நடந்துக்கிறது. துறவிகளுக்கு மட்டும் சொன்னது இல்லை, குடும்பஸ்தர்களுக்கும் சொன்னது. ஆரியரத்ன இதையே முகாமின் நடைமுறை ஆக்கினார். ரெண்டாவதா வர்ற பிரிய வசனத்துக்கு அங்கே இருந்த அர்த்தம் ரொம்ப எளிமையானது. முகாமில் யாரும் யாரையும் சாதிப் பேரைச் சொல்லியோ பதவியைச் சொல்லியோ கூப்பிடுறதில்லை. அம்மா, ஐயா, அக்கா, மல்லி, நங்கி. மல்லின்னா தம்பி, நங்கின்னா தங்கை. அக்காவுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. சிங்களத்திலும் அக்கா அக்காதான்.

சின்ன விஷயமாத் தெரியலாம். ஆனா சிங்களத்தில் 'நீ'க்கு ஒரே சொல் கிடையாது. ஒப, ஒயா, உம்ப, தோன்னு மரியாதை படிப்படியா இறங்கும். நம்ம 'வாங்க'வுக்கும் 'வா'வுக்கும் 'வாடா'வுக்கும் நடுவுல எவ்வளவு ஊர் வரலாறு இருக்குன்னு உங்களுக்கே தெரியும். கூட்டத்துல உங்களைத் 'தோ'ன்னு கூப்பிடுற ஒருத்தர்கிட்ட, கிணறு என் வீட்டுப் பக்கம் வரணும்னு நீங்க சொல்லிட முடியுமா? வாய் திறக்க முடியாதவங்க பக்கம் தண்ணி வராது. கிணறு தூர்ந்து போனா, கேட்டு வாங்காத கிணத்தைத் தூர்வார அவங்களும் வர மாட்டாங்க. ஒரு திட்டம் நீடிச்சு நிக்கிறதும் உடைஞ்சு போறதும் பெரும்பாலும் இந்த இடத்திலதான்னு நான் நினைக்கிறேன்.

பிறகு சர்வோதயம் ஒரு மனுஷருக்கு அவசியமான பத்துத் தேவைகளைப் பட்டியல் போட்டது. முதல் இடம் சுத்தமான, அழகான சுற்றுச்சூழலுக்கு. அப்புறம் தண்ணீர், உடை, உணவு, வீடு, மருத்துவம், தகவல் தொடர்பு, எரிசக்தி, கல்வி, பண்பாடும் ஆன்மிகமும். 'அழகான' என்ற சொல் அதில் இருக்கிறது எனக்குப் பிடிச்சிருக்கு. வருமானம் தனித் தேவையாவே அந்தப் பட்டியலில் இல்லை. வறுமையும் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம் என்பதுதான் அவங்க இலக்கு.

இனிமையாப் பேசினா போதுமா? அதுக்கு மஜ்ஜிம நிகாயத்தில் ஒரு இடம் இருக்கு. அபயன் என்ற இளவரசன் புத்தரை மடக்குறதுக்குன்னு ஒரு கேள்வியோட வர்றான். பிறருக்குப் பிடிக்காத சொல்லை நீங்க பேசுவீங்களா? அவன் மடியில ஒரு கைக்குழந்தை. இந்தக் குழந்தை வாயில ஒரு குச்சியையோ கல்லையோ போட்டுக்கிட்டா என்ன செய்வேன்னு புத்தர் திருப்பிக் கேட்கிறார். ரத்தம் வந்தாலும் பரவாயில்லைன்னு விரலை விட்டு எடுப்பேன், குழந்தை மேல இரக்கம் இருக்கேன்னு அவன் சொல்றான். உண்மையும் பயனும் உள்ள சொல் கசந்தாலும், நேரம் பார்த்துச் சொல்லலாம் என்பது அங்கே கிடைக்கிற பதில். பிரிய வசனம்னா சர்க்கரை தடவுறது இல்லை.

நம்ம அபார்ட்மென்ட்டையே எடுத்துக்குங்க. வீட்டு வேலைக்கு வர்றவங்களை 'அக்கா'ன்னு அழகாக் கூப்பிடுறோம். தண்ணி லாரி எத்தனை, மோட்டார் எப்போ போடணும்னு முடிவு பண்ற வாட்ஸ்அப் குரூப்ல அந்த அக்கா கிடையாது. சில இடங்கள்ல லிஃப்ட்டும் தனி. ரெண்டாவது விஷயம் இருக்கு, நாலாவது காணோம்.

சர்வோதயத்தின் மேலயும் விமர்சனம் உண்டு. ரிச்சர்ட் கொம்ப்ரிச்சும் கணநாத் ஒபேசேகரவும் 1988-இல் எழுதின புத்தகத்தில், இது நகரத்து நடுத்தர வர்க்கம் கற்பனை பண்ணிக்கிட்ட கிராமம் என்கிற மாதிரி வாதம் வைச்சாங்க. அதைச் சுலபமா ஒதுக்க முடியாது.

அதைவிடக் கனமானது 1983 ஜூலை. இந்த இயக்கம் தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆகியும், தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிஞ்சது. அக்கா என்ற சொல் ரெண்டு மொழியிலும் ஒன்னுங்கிறது எந்த வீட்டையும் காப்பாத்தலை. சர்வோதயம் அகதிகளுக்கு முகாம் நடத்தினது. அதோட ஆரியரத்ன ஒரு நீண்ட அமைதி நடைப்பயணத்தை அறிவிச்சார். தெற்கே கதிர்காமத்திலிருந்து வடக்கே நாகதீபம் வரைக்கும். தமிழில் நாம நயினாதீவுன்னு சொல்ற அதே தீவு. ஒரு ஆசனத்துக்காகச் சண்டை போட்ட ரெண்டு நாக அரசர்களைப் புத்தர் அங்கே சமாதானப்படுத்தினார்னு மகாவம்சம் சொல்லுது. கிட்டத்தட்ட அதே கதை மணிமேகலையிலும் இருக்கு.

அந்த நடை தீவு வரைக்கும் போகலை. ஜனாதிபதி ஜயவர்தன கேட்டுக்கிட்டதால தொடக்கத்திலேயே நின்னு போச்சு. ஆரியரத்ன 2024 ஏப்ரலில், 92 வயசுல காலமானார். நயினாதீவில் விகாரையும் நாகபூஷணி அம்மன் கோயிலும் ஒரே கரையில இருக்கு. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு போகுது. சிங்கள யாத்திரிகர்களும் தமிழ் பக்தர்களும் அதே படகுலதான் ஏறுறாங்க.