ஓவியனும் உயிரினங்களும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

டி. கல்லுப்பட்டி வட்டாரத்தில் நம் பிள்ளைகளின் எழுத்தறிவைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகளாகப் பேசி வந்துள்ளோம். இன்று அவர்கள் வரையும் படங்களைப் பற்றிச் சிறிது பேச விரும்புகின்றோம். நம் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்தால் ஆட்டுக்குட்டியும் கண்மாய்க் கொக்கும் கருவேல மரமுமே அதில் முதலில் தோன்றுகின்றன. இதனை வீண்வேலை என்று ஒதுக்குவது முறையாகுமா?

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. அது 9ஆம் நூற்றாண்டினது என்பர். மீன்கள் திரிகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானைகளும் எருமைகளும் நீரில் இறங்கியுள்ளன, மூவர் மலர் கொய்கின்றனர். சமண நெறியை விளக்க எழுந்த ஓவியம் அது. ஆயினும் நெறிநூலை மட்டும் கற்றவன் அக்குளத்தைத் தீட்டியிருக்க இயலாது. தாமரைத் தண்டு எவ்வாறு வளையும், எருமை நீரில் எவ்வாறு நிற்கும் என்பனவற்றை அருகிருந்து நோக்கி, அவற்றின்பால் அன்பு கொண்ட கண்ணே அதனைத் தீட்டியிருத்தல் வேண்டும்.

அக்கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கின்றது. மதுரைச் சீமையில் ஆசிரியப் பணி புரியும் நமக்கு இது பெருமையே. ஆனால், தூரிகை பிடித்த கைகள் எவருடையவை என்று அக்கல்வெட்டு கூறவில்லை. உழைத்தவன் பெயர் ஏட்டில் ஏறாமற் போவது நம் மக்களுக்குப் புதிதன்று.

நம் காலத்தில் அந்நிலை ஓரிடத்தில் மாறியது. மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கர் சிற்றூரில் பிறந்த ஜன்கர் சிங் சியாம் என்னும் கோண்டுப் பழங்குடி இளைஞர், வறுமையால் பள்ளிப் படிப்பை விட்டு எருமை மேய்த்தவர். 1980களின் தொடக்கத்தில் போபால் நகரின் பாரத் பவன் கலைக்கூடத்தார் அவர் தீட்டிய சுவரோவியத்தைக் கண்டு, அவரை அழைத்துச் சென்றனர். அவர் வரைந்த மானின் கொம்புகள் மரக்கிளைகளைப் போல் விரிந்தன. பறவையும் பாம்பும் புள்ளிகளாலும் கோடுகளாலும் உயிர் பெற்றன. 1989இல் பாரிசு நகரக் கண்காட்சியில் அவர் ஓவியங்கள் அவர் பெயராலேயே இடம் பெற்றன. காடு தந்த அன்பை அவர் நகருக்கு வந்தும் இழக்கவில்லை. 2001இல், நாற்பது வயதை எட்டும் முன்பே, ஜப்பான் நாட்டில் பணியாற்றச் சென்ற இடத்தில் அவர் மறைந்தது பேரிழப்பாகும்.

இதனைக் கூறுவதால், நம் பிள்ளைகள் மேய்ச்சற் கோலோடு இருந்துவிட வேண்டும் என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. அக்கோலை அவர்கள் கையிலிருந்து வாங்கவே இக்கழகம் தோன்றியது. ஆனால், கோலை வாங்கும்போது, ஆட்டின் நடையையும் வேம்பின் தளிரையும் கண்டறிந்த அறிவையும் சேர்த்துப் பறித்துவிடக் கூடாது. பாட்டன் தேடிய செல்வமாக நிலமோ பொன்னோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, அவ்வறிவும் ஒரு செல்வமே.

பெற்றோர்களே! படம் வரையும் பிள்ளையைக் கடிந்து கொள்ளாதீர். சென்னையில் 1850இல் தொடங்கப்பெற்ற கலைப்பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. அவ்வாயில்கள் நம் பிள்ளைகளுக்கும் உரியவை. ஆசிரியர்களே! ஓவியப் பாட வேளையைக் கணக்குப் பாடத்திற்கு எடுத்துக் கொள்ளாதீர். மாணவர்களே! வரைந்த படத்தின் அடியில் உங்கள் பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதுங்கள்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், நம் கண்மாயும் கால்நடையும் நம் பிள்ளைகளின் கையொப்பத்தோடு உலகோர் முன் நிற்க இக்கழகம் துணை செய்யுமாக என வாழ்த்தி அமைகின்றோம்.