விஸ்கொன்சின் சர்வகலாசாலை
(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



அமெரிக்கச் சர்வகலாசாலை ஒன்றைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி என்னைக் கேட்டபோது, ஹாவாட்டையோ யேலையோ மனத்தில் வைத்தே கேட்டிருப்பார். அவை செல்வர் கொடுத்த பொருளால் வளர்ந்தவை. அமெரிக்கர் தந்த கல்வி என்றால் நம்மவர்க்கு 1823இல் வட்டுக்கோட்டையில் எழுந்த செமினரி நினைவுக்கு வரும். மிசன் பாடசாலையிற் படித்த எனக்கும் அப்படியே. அது தருமப் பணத்தில் நடந்தது. நான் இன்று எடுத்துக்கொண்டதோ வேறு வகை. பால் கறந்து பிழைத்த மக்களின் வரிப்பணத்தில் எழுந்தது.

விஸ்கொன்சின் ஐக்கிய அமெரிக்காவின் வடபுறத்தே, பேரேரிகளை அடுத்துள்ள மாநிலம். 1848இல் அது மாநிலமாயிற்று. அவ்வாண்டிலேயே சர்வகலாசாலையும் தோன்றியது. அடுத்த ஆண்டு மடிசன் நகரில் முதல் வகுப்பிற்கு வந்தவர் 17 பேர். இப்பொழுது அங்கே ஏறக்குறைய 50,000 மாணவர் பயில்கின்றனர். 1862இல் உள்நாட்டுப் போருக்கு நடுவே லிங்கன் கையொப்பமிட்ட மொறில் சட்டம், கமத்தொழிலும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் வழங்கிற்று. அந்நிலம் யாருடையது என்று கேட்பது நியாயமே. மடிசன் நகரம் இருக்கும் மண்ணை ஹோ-சங்க் என்னும் பழங்குடியினர் 1832இல் ஓர் உடன்படிக்கையால் இழந்தனர். அவர்தம் உரிமையையும் இழப்பையும் ஒப்புக்கொள்ளும் பலகையொன்றைச் சர்வகலாசாலை நாட்டியது 2019இலேதான்.

அங்கு நடந்த வேலையை விளங்கிக்கொள்ளப் பாற்காரர் கதையொன்று போதும். அக்காலத்தில் வெண்ணெய் ஆலைகள் பாலை நிறுத்து விலை கொடுத்தன. ஆகவே நீர் கலந்தவனுக்கும், ஆடை எடுத்தவனுக்கும், நல்ல பால் கொண்டுவந்தவனுக்கும் ஒரே விலை. (இவ்விடயத்தில் நமது ஊர்ப் பாற்காரரும் பின்னிற்பவரல்லர்.) 1890இல் ஸ்ரீபன் பப்கொக் என்ற பேராசிரியர் எளிய வழியொன்று கண்டார். பாலுடன் கந்தக அமிலத்தைச் சேர்த்தால் கொழுப்பொழிந்த மற்றெல்லாம் கரைந்துவிடும். பின்னர் போத்தலை விரைவாகச் சுழற்றினால் கொழுப்பு மேலெழுந்து, அளவு குறித்த கழுத்திலே நிற்கும். எந்த ஆலையிலும் எவரும் செய்து பார்க்கலாம். பப்கொக் அதற்குக் காப்புரிமை பெறாது எல்லோர்க்கும் விட்டுவிட்டார்.

1923இல் ஹரி ஸ்ரீன்பொக் என்பவர், உணவின்மேல் ஊதாக்கடந்த கதிர்களைப் பாய்ச்சினால் உயிர்ச்சத்து டீ பெருகுமெனக் கண்டார். எலும்பு வளையும் கணைநோய் பிள்ளைகளை முடமாக்கிய காலம் அது. இவர் வேறு வழி சென்றார். காப்புரிமை பெற்றார், கம்பனியொன்று தருவதாகச் சொன்ன பெருந்தொகையை மறுத்தார். வருவாய் ஆராய்ச்சிக்கே சேரவேண்டுமென்று பழைய மாணவர் சிலருடன் 1925இல் ஒரு நிதியம் அமைத்தார். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் ஏழைகள் உண்ட மாஜரீனுக்கு அம்முறையைப் பயன்படுத்த நிதியம் அனுமதி மறுத்தது. பாற்பண்ணையாளரின் வெண்ணெய்க்குப் போட்டி வந்துவிடும் என்ற பயமே காரணம். 1940களின் நடுப்பகுதியில் நீதிமன்றம் அக்காப்புரிமை செல்லாதெனத் தீர்த்தது. மாநிலத்துக்கு உழைப்பதென்றால் மாநிலத்தில் யாருக்கு உழைப்பது? இதை வாசித்தபோது என் மனம் பப்கொக்கின் பக்கமே சாய்ந்தது. எனினும் அந்நிதியத்தின் பணமே பின்னர் எத்தனையோ ஆராய்ச்சிகளைத் தாங்கியது என்பதையும் மறைக்க முடியாது.

மற்றொரு கதை. 1933 பெப்ரவரியில் கடும் பனிப்புயலினூடே ஒரு கமக்காரர் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் வண்டியோட்டி மடிசனுக்கு வந்தார். வண்டியில் இறந்த நாகு ஒன்று, கெட்டுப்போன குளோவர் வைக்கோல், உறையாத இரத்தம் நிறைந்த பாற்கலம். சனிக்கிழமை, அவர் தேடிவந்த கந்தோர் பூட்டியிருந்தது. திறந்திருந்த கதவு கார்ல் லிங்க் என்னும் இரசாயனப் பேராசிரியருடையது. வைக்கோலைக் கொடாதேயுங்கள் என்பதைவிட அன்று அவரால் அதிகம் சொல்ல இயலவில்லை. ஆனால் பாற்கலம் ஆய்வுகூடத்திலே தங்கிவிட்டது. இரத்தம் உறைவதைத் தடுத்த பொருளை அவர்கள் பிரித்தெடுக்க ஆறு ஆண்டுகள் சென்றன. அதன் வழிவந்த வார்பரின் முதலில் எலி நஞ்சாயிற்று. பின்னர் மனிதருக்கு மருந்தாயிற்று. 1955இல் மாரடைப்புற்ற ஜனாதிபதி ஐசனோவருக்கும் அது கொடுக்கப்பட்டது. அப்பெயரின் முதற்பாதி நான் சொன்ன நிதியத்தின் ஆங்கில முதலெழுத்துகளே.

ஹர் கோபிந்த் கொரானாவையும் குறிப்பிடவேண்டும். பஞ்சாப்பின் சிற்றூரொன்றிற் பிறந்த அவர், மரபுக் குறியீட்டை விளக்கிய பணிக்காக 1968இல் நோபல் பரிசில் பங்கு பெற்றபோது மடிசனிலேயே பேராசிரியராக இருந்தார்.

இத்தனையும் தடையின்றி நடந்தவையல்ல. 1894இல் ரிச்சட் ஈலி என்ற பொருளியற் பேராசிரியர் வேலைநிறுத்தங்களைத் தூண்டுகிறார் என்று, சர்வகலாசாலையின் ஆட்சிக்குழுவில் இருந்த ஒருவரே பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். விசாரித்த குழு ஈலியை விடுவித்ததோடு, உண்மையைக் கண்டடையும்வரை அச்சமின்றிப் புடைத்துத் தெள்ளும் உரிமை சர்வகலாசாலைக்கு உண்டென்றும் எழுதியது. சுளகு பிடித்த கைகளைக் கண்ட நமக்கு அவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை. 1910ஆம் ஆண்டு மாணவர் அவ்வாசகத்தை உலோகத்தில் வார்த்துக் கொடுத்தபோது ஆட்சியாளர் அதை ஏற்கத் தயங்கினர். 1915இலேதான் பஸ்கம் மண்டபச் சுவரில் அது ஏறிற்று.

வியட்நாம் போர்க் காலத்தில், 1970 ஆகஸ்டில், இராணுவத்துக்கான கணித நிலையம் இருந்த கட்டடத்தைச் சில இளைஞர் குண்டு வைத்துத் தகர்த்தனர். இறந்தவர் அந்நிலையத்துடன் தொடர்பில்லாத, இரவு முழுவதும் வேலைசெய்த ஓர் இளம் பௌதிக ஆராய்ச்சியாளர். போரை எதிர்த்தவர்மேல் எனக்கு அனுதாபம் உண்டு, அவ்விரவின்மேல் இல்லை.

2015இல் மற்றொரு சோதனை. மாநில ஆளுநரின் வரவுசெலவுத் திட்டத்திலே, சர்வகலாசாலையின் நோக்கத்தைக் கூறும் சட்ட வாசகத்திலிருந்து உண்மையைத் தேடுதல் என்பதை நீக்கி, மாநிலத்தின் தொழிலாளர் தேவையை நிறைவேற்றுதல் என்று எழுதியிருந்தார்கள். ஆட்சேபம் எழுந்ததும், எழுத்துப் பிழை என்பது போலச் சொல்லி வாபஸ் வாங்கினார்கள். பழைய வாசகம் நிலைத்தது. ஆனால் அவ்வாண்டுத் திட்டத்திலே மாநிலம் கொடுக்கும் பணம் குறைக்கப்பட்டது.

பட்டம் எடுத்து என்ன உத்தியோகம் பார்ப்பாய் என்று என்னை ஊரிலே கேட்காதவர் இல்லை. அக்கேள்வி பிழையென்று நான் சொல்லமாட்டேன். கேட்பவர் பணத்திலேதான் நானும் படிக்கிறேன். ஆயினும் பாற்கலத்துடன் வந்தவரும் அதே வரியைக் கட்டியவரே. அவர் உத்தியோகம் கேட்டு வரவில்லை. தம் மாடு ஏன் செத்தது என்று கேட்டே வந்தார்.