எழுதாத ஆண்டுகள்

1966இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ நூலாக வந்தது. சுந்தர ராமசாமிக்கு அப்போது வயது 35. நாவல் பேசப்பட்டது, அடுத்தது எப்போது என்று கேட்கப்பட்டது. அவரோ பேனாவை மூடி வைத்தார். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் படைப்பென்று சொல்லத்தக்க எதையும் அவர் எழுதவில்லை. நாகர்கோவிலில் ஜவுளிக் கடையைப் பார்த்துக்கொண்டார். படித்தார். வீட்டுக்கு வந்த நண்பர்களோடு மணிக்கணக்கில் பேசினார்.

எழுபதுகளின் முற்பாதியில் திரும்பி வந்தவர் பழைய இடத்திலிருந்து தொடரவில்லை. ‘பிரசாதம்’ தொகுப்பில் சிரிக்கச் சிரிக்கக் கதை சொன்னவர், ‘பல்லக்குத் தூக்கிகள்’ கதையில் இறுகிய, குறியீட்டுத் தன்மையுள்ள உரைநடைக்கு வந்திருந்தார். பசுவய்யா என்ற பெயரில் ‘நடுநிசி நாய்கள்’ கவிதைகள் வந்தன. 1981இல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ வெளியாகி, தமிழ் நாவல் இப்படியும் இருக்கலாமா என்று பலரைத் திகைக்க வைத்தது. மூன்றாவது நாவலான ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ 1998இல்தான் வந்தது. ஒரு முழு வாழ்நாளில் மூன்று நாவல்கள். குறைவு என்று யாராவது சொன்னால், இரண்டாவது நாவலை முதல் நாவலின் மொழியில் எழுதியிருக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கட்டும். பழைய மொழி கையைவிட்டுப் போவதற்கு அந்த ஆண்டுகள் தேவைப்பட்டன.

அவருக்கு முன்பே இந்த வழியில் நடந்தவர் ந. பிச்சமூர்த்தி. கும்பகோணத்துக்காரர், வழக்கறிஞர். 1934இல் ‘மணிக்கொடி’யில் ‘காதல்’ என்ற கவிதையை எழுதித் தமிழ்ப் புதுக்கவிதையைத் தொடங்கி வைத்தவர். பிறகு கோயில் நிர்வாக அதிகாரியாக வேலைக்குப் போனார். நாற்பதுகளின் நடுவிலிருந்து அவரது கவிதை ஓய்ந்துகிடந்தது. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது பிச்சமூர்த்திக்கு 58 வயது. அந்த வயதில் மறுபடி எழுத வந்தார். 1962இல் ‘காட்டு வாத்து’ தொகுப்பு. அதைப் படித்து ஓர் இளைய தலைமுறை கவிதை எழுதக் கற்றுக்கொண்டது.

பிரெஞ்சுக் கவிஞர் பால் வலேரியின் கதை இன்னும் நீளமானது. 1892இல் ஜெனோவா நகரில் ஓர் இடிமழை இரவில் ஏற்பட்ட மன நெருக்கடிக்குப் பின் அவர் மெல்லக் கவிதையிலிருந்து விலகினார். தனிச் செயலாளர் வேலை பார்த்தார். ஒவ்வொரு நாளும் விடியுமுன் எழுந்து, யாருக்கும் காட்டாத குறிப்பேடுகளில் சிந்தனை, கணிதம், கனவு என்று மனதின் போக்கைப் பதிவுசெய்தார். அப்படிச் சேர்ந்த ஏடுகள் 250க்கும் மேல். 1912இல் நண்பர் ஆந்திரே ஜீதும் பதிப்பாளர் காலிமாரும் பழைய கவிதைகளைத் தொகுத்துத் தரச் சொன்னார்கள். விடைபெறும் விதமாகச் சின்னக் கவிதை ஒன்றையும் சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தார். அது நான்கு ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்து, 1917இல் 512 வரிகள் கொண்ட ‘இளைய பார்க்’காக வெளிவந்தது. அவர் புகழ் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

மனம் இப்படி மறைவில் வேலை செய்வதைக் கணித மேதை ஆன்றி புவான்கரேயும் பதிவுசெய்திருக்கிறார். நாள்கணக்கில் போராடிய சிக்கலை மறந்து ஒரு பயணத்தில் இருந்தபோது, கூத்தான்ஸ் ஊரில் பேருந்தின் படியில் கால் வைத்த நொடியில் விடை தோன்றியதாம். 1926இல் ஆங்கிலேயச் சமூக உளவியலாளர் கிரகாம் வாலஸ் படைப்புச் செயலை நான்கு கட்டங்களாகப் பிரித்தபோது, இரண்டாவது கட்டமாக வைத்தது இந்த அடைகாப்பைத்தான். ஆனால் அதற்கு முன் கடும் உழைப்பு இருந்தாக வேண்டும். புவான்கரே இதை அழுத்திச் சொல்கிறார். உழைக்காதவருக்கு ஓய்வு எதையும் தருவதில்லை.

எல்லா மௌனமும் ஓய்வல்ல. 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தது, சாதி அமைப்புகளின் மிரட்டலால் வாய் கட்டப்பட்ட நிலை. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்ற பிறகே ‘கோழையின் பாடல்கள்’ வெளிவந்தது. அந்த மௌனத்தில் விளைந்தது எத்தனை நல்ல கவிதையாக இருந்தாலும், அதைச் சுட்டிக் காட்டித் தடையைப் புகழக் கூடாது. ஓய்வு என்பது எழுதுகிறவர் தாமே எடுத்துக்கொள்வது, விரும்பியபோது முடித்துக்கொள்வது.

அப்படி எடுத்துக்கொள்ளத் தமிழில் இடம் இருந்ததா என்பதே கவலைக்குரிய கேள்வி. கல்கி 1950 அக்டோபரில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னை மூன்றரை ஆண்டுகள் வாராவாரம் எழுதினார். அது முடிந்த 1954ஆம் ஆண்டிலேயே ‘அமரதாரா’ தொடங்கியது. டிசம்பர் 5இல் அவர் மறைந்தார். மீதியை மகள் ஆனந்தி முடித்தார். வாரப் பத்திரிகை அப்படித்தான் நடந்தது, வாசகர்களும் அதற்குப் பழகிப் போனார்கள். இன்று அந்த இடத்தில் சென்னைப் புத்தகக் காட்சி உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி ஒரு புது நூலோடு வராத எழுத்தாளரைப் பார்த்து, ‘என்ன, இப்போதெல்லாம் எழுதுவதில்லையா?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து அரைகுறையாக அச்சேறிய புத்தகங்கள் ஏராளம்.

திரும்பி வராதவர்களும் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஈ.எம். ஃபார்ஸ்டர் 1924இல் ‘இந்தியப் பயணம்’ நாவலை வெளியிட்ட பின் 46 ஆண்டுகள் வாழ்ந்தார், இன்னொரு நாவல் வெளியிடவில்லை. கட்டுரை எழுதினார், வானொலியில் பேசினார். அவரிடம் ஐந்து நாவல்கள் பெற்ற உலகம் ஆறாவதற்கு உரிமை கொண்டாட முடியாது.

ஆகவே பதிப்பாளர்களிடமும் இதழாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். எழுதாமல் இருக்கும் எழுத்தாளரிடம் புதியது கேட்டு நெருக்காதீர்கள். அவருடைய பழைய நூல்களை அச்சில் வைத்திருங்கள், உரிமைத்தொகையைக் காலத்தில் கொடுங்கள். வாசகர்கள் அந்த நூல்களை விலை கொடுத்து வாங்கி இன்னொரு முறை படியுங்கள். அவர் ஓய்வெடுப்பதற்கு அதுவே போதும்.