வரைபடத்தில் எங்க லைன் எங்கே?

(குன்னூரில் மாணவர்கள் கூட்டிய கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் எஸ்டேட் லைனில் பிறந்தவன். மழை ராத்திரியில எங்க பாட்டி தூங்காது. கதவோரம் உக்காந்து ஓடைச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கும். தண்ணி செம்மண்ணாக் கலங்கி வந்தாலும் ஆபத்து. கொட்டுற மழையில ஓடை திடீர்னு வத்தினாலும் ஆபத்து, மேலே எங்கேயோ மண்ணு அடைச்சிருக்குன்னு சொல்லும். படிக்காத கிழவி. ஆனா எந்த வீட்டை எப்ப காலி பண்ணணும்னு அதுக்குத் தெரியும்.

இன்று அரசிடமும் வரைபடம் இருக்கிறது. நீலகிரியில் 283 இடங்களை அபாயப் பகுதிகள் என்று மாவட்ட நிர்வாகம் பட்டியலிட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிலச்சரிவு வாய்ப்புள்ள இடங்களை 1:50,000 அளவில் வரைந்திருக்கிறது. அந்த அளவில் தரையின் 50 மீட்டர் தாளில் ஒரு மில்லிமீட்டர். ஒரு லைன் முழுக்க ஒரு பேனாப் புள்ளி. எந்தச் சரிவு சரியும் என்று அது சொல்லும். அங்கே யார் குடியிருக்கிறார்கள், ஏன் குடியிருக்கிறார்கள் என்று சொல்லாது.

சமவெளியில் ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். மலையில் துரை பங்களா மேட்டில், லைன் ஓடைக்கரையில். கூலிக்கு வந்தவன் தன் வீட்டுக்கான இடத்தைத் தானா தேர்ந்தெடுத்தான்? ஊட்டி ஏரியைச் சுருக்கி பஸ் நிலையமும் பந்தய மைதானமும் வந்தன. அதற்குப் பெயர் வளர்ச்சி. வாய்க்கால் ஓரம் தகரம் போட்ட துப்புரவுத் தொழிலாளிக்கோ ஆக்கிரமிப்பாளன் என்று பெயர்.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை. மாவட்டமெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரிவுகள். 40க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள், பெரும்பாலும் கயத்தாறு பக்கத்துத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். 'மழை சாதி பார்க்குமா?' என்று கேட்கிறார்கள். மழை பார்க்காது. குடியிருக்க இடம் ஒதுக்கினவன் பார்த்தான்.

வரைபடம் மட்டும் உயிரைக் காப்பாற்றாது. இலங்கை மலையகத்தில், கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டம் ஆபத்தில் இருப்பதாக 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. மாற்று வீடு இல்லாத சனம் அங்கேயே கிடந்தது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. எங்க லைனிலும் அதே கதைதான். வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். பட்டா இல்லை. 'காலி பண்ணு' என்றால் எங்கே போவது?

ஆகவே அபாய வரைபடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நம்மைத் துரத்துகிற காகிதமாக இல்லாமல், நமக்கு நிலம் கேட்கிற காகிதமாக வேண்டும்.

மாணவத் தோழர்களே, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு லைன் லைனாகப் போங்க. எத்தனை குடும்பம், எந்தச் சுவரில் விரிசல், எந்த மரம் சாய்ஞ்சிருக்கு, எந்த வடிகால் அடைச்சிருக்கு, ராத்திரியில ஓடுறதுக்கு வழி எது, யாருக்குப் பட்டா இல்லை, எல்லாம் எழுதுங்க. முதல்ல கிழவிகளைக் கேளுங்க. எழுதினதைக் கிராம சபையில் வையுங்க, கலெக்டரிடம் கொடுங்க. வேலைக்கு நடந்து போகிற தூரத்தில், பாதுகாப்பான இடத்தில், பெண்கள் பெயரில் பட்டாவோடு வீடு கேளுங்க.

கூடலூர் பக்கம் ஆனி, ஆடியில் மழை பிடிக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில். அதுக்குள்ள இந்த வேலை முடியணும்.