கடைத்தெருவும் கணினித்தெருவும்

(நெருளில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேடையேறிப் பேசிப் பழகியவர்கள் அல்லோம் நாங்கள். பொடி இடிப்பதும், வடகம் பிழிவதும், அவற்றைப் பொட்டலம் கட்டி விற்பதுமே எங்கள் தொழில். கணவனும் மனைவியுமாக நடத்தும் இச்சிறு தொழிலுக்கு இணையதளம் ஒன்று அமைத்துப் பட்ட பாட்டை இங்கே சொல்ல வேண்டும் என்று செயலாளர் பணித்தார். பட்ட பாட்டுக்குக் குறைவில்லை, ஆகவே இசைந்தோம்.

வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்டபோது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியைப் போட்டுத்தான் அத்தளத்தை அமைத்தோம். மகனுடைய கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கி வைத்த பணமும் அதில் சேர்ந்திருந்தது. முதல் மூன்று மாதங்களில் வந்த ஆர்டர்கள் இரண்டு. ஒன்று, பெங்களூரில் வாழும் எங்கள் மகள் அனுப்பியது. மற்றொன்று, தளம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக நாங்களே அனுப்பியது!

கூகுளில் எங்கள் பெயரை முதலிடத்தில் நிற்கச் செய்வதாக உறுதி கூறி, தளம் அமைத்துக் கொடுத்தவர்கள் மேலும் பணம் கேட்டனர், கொடுத்தோம். முதலிடத்துக்கு எவராலும் உறுதி தர இயலாது என்று கூகுள் நிறுவனமே வெளிப்படையாக எழுதி வைத்திருப்பதைப் பிறகுதான் படித்தோம். அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் காத்திருந்தது. தளப்பெயர் எங்கள் பெயரில் இல்லை; அவர்கள் பெயரிலேயே பதிவாகியிருந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய அப்பெயரை அவர்கள் விட்டுவிட்டால், பொட்டலங்களில் நாங்கள் அச்சிட்ட முகவரி எவர் கைக்கும் போய்விடும். பலமுறை நடந்து, கெஞ்சி, அதை எங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டோம். குடியிருக்கும் வீட்டின் பத்திரம் பிறர் பெயரில் இருக்க விடுவோமா? இதிலும் அந்தக் கவனம் வேண்டும்.

மனம் தளர்ந்திருந்த அந்நாட்களில்தான், நமக்கு அண்டையிலுள்ள வாஷியில் வளர்ந்த ஒரு தமிழரின் வரலாற்றை நினைத்துப் பார்த்தோம். தூத்துக்குடி மாவட்டத்து நாகலாபுரத்தைச் சேர்ந்த பிரேம் கணபதி 1990-ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்தார். வேலை வாங்கித் தருவதாக அழைத்து வந்தவர் பாந்திராவில் அவரைத் தனியே விட்டுச் சென்றார். மாஹிமில் ஓர் அடுமனையில் பாத்திரம் துலக்கிய அந்த இளைஞர், 1992-இல் வாஷி ரயில் நிலையத்துக்கு எதிரே கைவண்டியில் இட்லியும் தோசையும் விற்கத் தொடங்கினார். 1997-இல் அங்கேயே கடை பிடித்தார். கடைக்கு வந்த கல்லூரி மாணவர்கள் அவருக்கு இணையத்தைப் பயன்படுத்தக் கற்றுக் கொடுத்தனர். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995, ஆகஸ்டு 15-ஆம் நாள்தான் என்பதை எண்ணினால், அவர் எவ்வளவு விரைவில் அதைப் பற்றிக்கொண்டார் என்பது விளங்கும். அதில் சமையல் குறிப்புகளைத் தேடிப் படித்துப் புதுப்புது தோசைகளை வார்த்தார். சீன உணவுக் கடை ஒன்று நடத்தி நட்டமடைந்தபோதும், அங்கே கற்ற கைப்பக்குவத்தைத் தோசைக்குள் வைத்துவிட்டார்! 2003-இல் வாஷியிலிருந்த சென்டர் ஒன் வணிக வளாகத்தில் இடம் பெற்றார். அவருடைய ‘தோசா பிளாசா’ பிறகு கடல் கடந்தும் சென்றது.

அவ்வளாகத்தில் இடம் பிடிக்க அவருக்கு உதவியது விளம்பரம் அன்று. வளாகத்தை நடத்தியவர்கள் ஏற்கெனவே அவர் கடையில் உண்டு சுவையறிந்தவர்கள். தெருவில் முகம் தெரிந்தது முதலில். பெயர்ப்பலகையும் சின்னமும் இணையமும் அதன்பின் வந்தன. நாங்களோ தெருவில் எவருக்கும் தெரியாமல், நேரே இணையத்தில் போய் நின்றிருந்தோம்.

ஆகவே தெருவிலிருந்து மறுபடியும் தொடங்கினோம். குடியிருப்புச் செயலாளரின் இசைவு பெற்று, சனிக்கிழமை மாலைகளில் வாயிலருகே மேசை போட்டுச் சுவைத்துப் பார்க்கக் கொடுத்தோம். ஒவ்வொரு பொட்டலத்திலும் உணவுப் பாதுகாப்புப் பதிவெண்ணோடு கியூஆர் குறியையும் அச்சிட்டோம். 1994-இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தார் மோட்டார் உதிரிப் பாகங்களை அடையாளம் காண்பதற்காக அமைத்த கட்டம் அது. இன்று கீரைக்காரரின் கூடையிலும் தொங்குகிறது. பொடி தீரும் வேளையில் பொட்டலம் கையில்தானே இருக்கிறது! அப்போதே கைப்பேசியைக் காட்டினால் தளம் திறந்துவிடும். மறு ஆர்டர்களிற் பெரும்பாலானவை இவ்வழியாகவே வருகின்றன.

மொழியிலும் ஒரு பாடம் கற்றோம். தளத்தில் இட்லிப் பொடியை, பெரிய ஓட்டல்காரர்கள் எழுதுவதுபோல், ‘கன் பவுடர்’ என்று எழுதியிருந்தோம். வெடிமருந்தை எவர் தேடுவார்? எதிர்வீட்டு மராத்தி அம்மையார் அதைச் சுவைத்துவிட்டு, “இது எங்கள் சுகி சட்ணி அல்லவா?” என்றார். நிலக்கடலையிலும் பூண்டிலும் அவர்கள் செய்யும் உலர்ந்த பொடிக்கு அதுவே பெயர். அச்சொல்லைத் தேவநாகரியில் தளத்திலும் துண்டு நோட்டீசிலும் சேர்த்தோம். அதன்பின், நமக்கு முன்பே இவ்வூரில் தலைமுறைகளாக வாழும் ஆக்ரி, கோலி வீடுகளிலிருந்தும் ஆர்டர் வந்தது. தமிழருக்கே விற்போம் என்று நாங்கள் எண்ணியிருந்தது எவ்வளவு குறுகிய கணக்கு!

கூகுள் வரைபடத்தில் தொழிலைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. வீடியோ மூலமோ வேறு வழியிலோ சரிபார்த்தபின் ஏற்றுக்கொள்வர். வீட்டிலிருந்து தொழில் செய்யும் தாய்மார்கள் முகவரி வெளியே தெரியுமோ என்று அஞ்சுகின்றனர். நாமே கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலானால் முகவரியை மறைத்து, எந்தப் பகுதிகளுக்குக் கொடுப்போம் என்பதை மட்டும் காட்டலாம். கடை உள்ளவர்கள் புள்ளியைச் சரியாக வைக்க வேண்டும். எங்கள் புள்ளி ரயில் பாதைக்கு மறுபுறம் விழுந்திருந்தது. நெருள் மேற்கில் தேடி அலைந்தவர்கள் எங்களைத் தொலைபேசியில் திட்டினர். பெயரும் எண்ணும் நேரமும் பொட்டலத்திலும், பலகையிலும், தளத்திலும், வரைபடத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

ஒருவர் அங்கே, “உப்பு மிகுதி” என்று குறை எழுதினார். அழித்துவிடத் துடித்தோம். மகன் தடுத்தான். அந்த வாரப் பொடியைச் சுவைத்தோம். உண்மையிலேயே உப்பு மிகுந்திருந்தது. அதையே எழுதி, வேறு பொட்டலம் அனுப்பினோம். அவர் இன்றும் வாங்குகிறார். நல்ல சொல் எழுதுமாறு கேட்கலாம். அதற்குப் பரிசோ தள்ளுபடியோ தருவது கூகுளின் விதிக்கு மாறானது. வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் படம் அனுப்புவதையும் விட்டுவிட்டோம். துக்கச் செய்தி ஒன்றின் கீழே எங்கள் வடகம் போய் விழுந்த நாள் இன்னும் உறுத்துகிறது.

இன்று தளத்தின் வழி வரும் ஆர்டர்களைக் கொண்டு குடும்பம் நடத்த முடியும் என்று சொல்வதற்கில்லை. பாதிக்கு மேல் இன்னும் தொலைபேசியிலும் வாயிலிலும்தான். எனினும் மகனுடைய கட்டணத்தில் எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டோம்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்போம். வரைபடத்தில் பதிய விரும்புவோர் கைப்பேசியுடன் வாருங்கள். தளப்பெயர் எவர் பெயரில் உள்ளது என்று அறியாதவர்கள் பணம் கட்டிய ரசீதையும் மறவாமல் எடுத்து வாருங்கள். முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.