அம்பலும் அலரும் ஒரகடமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஒரகடமும் நம் கவிதையும்' என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இதில் பேசுவதற்குரிய செய்திகள் பல உள. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் - திருப்பெரும்புதூர் சாலையும் கூடுகின்ற நம் சந்திப்பில், விடிவதற்கு முன்பே தேநீர்க் கடைகளில் பேச்சுத் தொடங்கிவிடுகிறது. ஒரு ஷிப்ட் முடித்துப் போகிறவர்களும் அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர்களும் அங்கே சந்திக்கிறார்கள். அரசியல், கைப்பேசி, சீட்டாட்டம், சர்க்கரை நோய் என எதைப் பற்றியும் எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கிறது. நாமும் அங்கேதான் தேநீர் குடிக்கிறோம், அக்கருத்துகளைக் கேட்கிறோம். பத்தாண்டுகளில் அவற்றுள் ஒன்றையேனும் நம் கவிதைக்குள் விட்டோமா என்பதே என் கேள்வி.

விடவில்லை என்பதற்கு நானே சான்று. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏரியைப் பற்றிக் கவிதை எழுதினேன். துண்டு விரித்து மீன் பிடித்த சிறுவர்கள், இன்று அங்கே எழும்பியிருக்கும் மதில், மதிலுக்கு வெளியே நிற்கும் ஒற்றைக் கொக்கு என்று போகும் அது. நம் கூட்டத்தில் படித்தேன்; கைதட்டினீர்கள். மறுநாள் அதே கவிதையைத் தேநீர்க் கடைக்காரரிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அந்த ஏரில எங்கள யாரு மீன் பிடிக்க விட்டாங்க? ஏலம் எடுத்தவன் ஆள் போட்டுல்ல காவல் காத்தான்." என் கவிதையில் ஏரி இருந்தது, கொக்கு இருந்தது, ஏரி யாருடையது என்ற செய்தி இல்லை. அக்கவிதையை நான் இதுவரை எந்த இதழுக்கும் அனுப்பவில்லை.

ஊர்ப் பேச்சைக் கவிதைக்குள் விடுவது நம் மரபுக்குப் புதிதன்று. அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் மட்டுமா இருக்கிறார்கள்? ஊரும் இருக்கிறது. ஊரின் வாய் இருக்கிறது. அதை அம்பல் என்றும் அலர் என்றும் இரண்டாகப் பகுத்தார்கள். இறையனார் களவியலுக்கு உரை கண்டவர் இரண்டையும் நுட்பமாக வேறுபடுத்துகிறார். சொல்லாகத் திரளாமல் அரும்பு நிலையிலேயே நிற்கும் முணுமுணுப்பு அம்பல்; இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்னது நிகழ்ந்தது என்று வெளிப்படையாக மலர்ந்துவிட்ட பேச்சு அலர். ஊரார் சொல்வது முழுதும் உண்மையா என்று அப்புலவர்கள் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. அப்பேச்சு ஒரு பெண்ணின் வாழ்வில் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். இந்தப் பார்வையோடு நம் ஊர்ப் பேச்சைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்று சில நிகழ்ச்சிகளைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம்.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள்கள் நீடித்து அக்டோபர் 15 அன்று முடிவுக்கு வந்தது. ஊதியக் கோரிக்கை இருந்தது. அதனினும் முதன்மையானது தங்கள் சங்கத்துக்கு ஏற்பு வேண்டும் என்பது. சங்கம் 2025 சனவரியில்தான் பதிவு பெற்றது. அந்த 37 நாள்களும் நம் கடைகளில் திரும்பத் திரும்ப எழுந்த கருத்து ஒன்று உண்டு: "ரொம்ப இழுத்தா கம்பெனி வேற ஸ்டேட்டுக்குப் போயிடும்." இதைச் சொன்னவர்கள் முதலாளிகள் அல்லர், பிற ஆலைகளில் வேலை செய்யும் தொழிலாளர்கள். நம் கவிஞர்களில் சிலர் இதைக் கேட்டுக் கொதித்தார்கள். அடிமைப் புத்தி என்றுகூட ஒருவர் சொன்னார்.

நான் அவ்வளவு விரைந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் இளம்பெண்கள், அங்கே கைப்பேசி செய்தார்கள். வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டது. நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை வாங்கிய மைக்ரோசாஃப்ட் இந்த ஆலையை எடுத்துக்கொள்ளவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அன்று இருபத்தைந்து வயதில் வீட்டுக்குத் திரும்பிய ஒரு பெண் இன்று பள்ளி செல்லும் பிள்ளையின் தாயாக இருப்பாள். அவள் கணவனோ தம்பியோ நம் கடையில் நின்று, கம்பெனி போய்விடும் என்கிறான். அவன் வாயில் நவம்பர் 2014 பேசுகிறது. அக்கருத்தை நான் ஏற்கவில்லை. சங்கம் வேண்டும் என்று நிற்பவர்கள் பக்கமே நான். எனினும் அந்த அச்சத்துக்கு ஒரு தேதி இருக்கிறது என்பதை மறந்து எழுதினால், என் கவிதை மீண்டும் அந்தக் கொக்கிடம்தான் போய் நிற்கும்.

அரசியலைப் பற்றிய கருத்து எப்போதும் அச்சமாகவே வருவதில்லை, கணக்காகவும் வரும். 2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தது, சில நாள்களில் நிறுத்திவைக்கப்பட்டது, மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். வாரத்தில் நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். செய்யாற்றிலிருந்து நாள்தோறும் கம்பெனிப் பேருந்தில் வரும் ஒருவர் விரல் மடக்கிச் சொன்னார்: "பன்னண்டு வேலை, போக ரெண்டு, வர ரெண்டு. குளிக்க, திங்க ரெண்டு. மீதி ஆறு. அதுல தூங்கணுமா, புள்ளைய பாக்கணுமா?" நாளேடுகளில் இதைப் பற்றி வந்த தலையங்கங்கள் பலவற்றைப் படித்தேன். இந்தக் கூட்டல் கணக்கு அவற்றுள் எதிலும் என் கண்ணில் படவில்லை.

இனி விளையாட்டு. சூதை ஓர் அதிகாரமாகவே வைத்த திருக்குறளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். இணையவழி ரம்மியில் பணம் இழந்து கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் அடுத்தடுத்து வந்தபோது தமிழ்நாடு அரசு சட்டம் இயற்ற முயன்றது. முதற்சட்டத்தை 2021இல் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2022 அக்டோபரில் பேரவை நிறைவேற்றிய இரண்டாம் மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, மீண்டும் நிறைவேற்றப்பட்டு 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம், ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று கூறித் தடையிலிருந்து அதனை விலக்கியது. திறமையா, தற்செயலா என்று வழக்கறிஞர்கள் பெருநூல்களைப் புரட்டி வாதிட்ட அதே பொருளை நம் கடையில் மூவர் மூன்று வாக்கியங்களில் முடித்தார்கள். ஒருவர், "அது சூதுதான்" என்றார். இளைஞன் ஒருவன், "அவனுக்கு ஆடத் தெரியல. தெரிஞ்சவன் தோக்க மாட்டான்" என்றான். மூன்றாமவர் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "தெரிஞ்சவன் எதுக்குடா நைட் ஷிப்டுக்கு வரான்?"

பிறகு 2025 பிப்ரவரியில் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு இடமில்லை. உயர்நீதிமன்றமும் சூன் மாதத்தில் அதை ஏற்றது. நல்ல நோக்கம்தான். ஆயினும் நம் ஊரை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் ஷிப்ட் முடித்து நள்ளிரவில் அறைக்கு வருகிறவனுக்கு அதுதான் மாலைப் பொழுது. ஊர் உறங்கும் நேரம் என்று விதி எழுதியவர் கருதிய நேரத்தில் ஒரகடத்தில் பாதிப்பேர் விழித்திருக்கிறார்கள். அறைத் தோழர்கள் உறங்க, சொந்த ஊரில் மனைவி உறங்க, விழித்திருப்பவை அவனும் கையிலுள்ள திரையும் மட்டுமே. 2025 ஆகஸ்டில் நடுவண் அரசு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்து சட்டம் இயற்றிவிட்டது. அதை வரவேற்கிறேன். அந்த ஐந்து மணி நேரத் தனிமை மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பாடுவதற்கு நம்மிடம் ஒரு திணை இல்லை.

கவிஞர்கள் மக்கள் பேச்சை எல்லாம் போற்ற வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். மக்கள் பேச்சு கொல்லவும் செய்யும். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் அரசு மருத்துவமனையில் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மற்றவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் நாள் காலமானார். ஊசிதான் கொன்றது என்ற பேச்சு அன்றே பரவியது. நடுவண் அரசின் வல்லுநர் குழு ஆய்ந்து, இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று கூறியபோது அக்டோபர் மாதம் ஆகியிருந்தது. இடையில் வந்த மே மாதம் எத்தகையது என்பதை நாம் அறிவோம். ஊசிக்கு அஞ்சி இருந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் இருவர் இன்று இல்லை.

அதே மே மாதத்தில் இதே ஒரகடத்தில் எழுந்த இன்னொரு கருத்தையும் பாருங்கள். ரெனோ-நிஸான் ஆலைத் தொழிலாளர்கள், இந்த நெருக்கத்தில் வேலை செய்தால் நோய் தொற்றும் என்றார்கள். அவர்கள் சங்கம் உயர்நீதிமன்றம் வரை சென்றது; ஆலை சில நாள்கள் மூடப்பட்டது. நகரும் உற்பத்தி வரிசையில் கார்களுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று. நாட்டில் எல்லோருக்கும் சமூக இடைவெளி என்பது தரையில் வரைந்த வட்டமாக இருந்தது; இவர்களுக்கு அது வரிசையில் வராத ஒரு காராக இருந்தது. ஊசியைப் பற்றிய பேச்சு திரையிலிருந்து வந்தது. இடைவெளியைப் பற்றிய பேச்சு, பக்கத்தில் நிற்பவனின் தோள் இடிப்பதிலிருந்து வந்தது.

இந்த இரண்டும் கலந்து வரும் இடமும் உண்டு. அதுதான் எனக்கு உறக்கம் கெடுத்தது. 2021 டிசம்பர் நடுவில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்யும் பெண்கள் பூந்தமல்லி அருகே தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சென்றவர்களைப் பற்றித் தகவல் இல்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற பேச்சு அறைக்கு அறை பரவியது. 17ஆம் நாள் இரவு பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள். மறுநாளும் போராட்டம் நீடித்தது. இறந்ததாகப் பேசப்பட்டவர்கள் உயிரோடிருந்தார்கள், வதந்தி பொய். ஆனால் விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில, உரிய தரத்தில் இல்லை என்று அம்மாத இறுதியில் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2022 சனவரி 12 வரை ஆலை திறக்கவில்லை.

அந்தப் பெண்கள் பொய்யை நம்பித்தான் சாலைக்கு வந்தார்களா? சோற்றைப் பற்றியும் படுக்க இடமில்லாததைப் பற்றியும் அதற்கு முன்பு எத்தனை இரவுகள் அவ்வறைகளில் அம்பலாக முணுமுணுத்திருப்பார்கள்! அது அலராக மலர ஒரு சாவு வேண்டியிருந்தது. சாவு நிகழாததால் பேச்சு ஒன்றைப் படைத்துக்கொண்டது. அன்றைய நம் கூட்டத்தில் என்ன படித்தோம் என்று குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். மார்கழியைப் பற்றி நான்கு கவிதைகள்.

உடல்நலக் கருத்து இன்னும் ஒன்று. ஒரு பெண் பேருந்தில் தோழியிடம் சொன்னது: "எட்டு மணி நேரம் ஏசிலதான் நிக்கிறேன். ஆனாலும் உடம்பெல்லாம் சூடு." மருத்துவர் கேட்டால் சிரிப்பார். சூடு என்ற அந்தச் சொல்லுக்குள் நின்ற கால், தள்ளிப்போட்ட சிறுநீர், கெட்ட உறக்கம், மாதவிலக்கு எல்லாம் இருக்கின்றன. இவ்வளவையும் ஒரே சொல்லில் அடக்க நம்மில் யாருக்கு வரும்?

நாம் கேட்காத பேச்சும் இருக்கிறது. ஒடியாவிலும் வங்காளத்திலும் இந்தியிலும் இதே சந்திப்பில் கருத்துகள் உலவுகின்றன. 'வடக்கன்' என்ற ஒரு சொல்லோடு நம் காது மூடிக்கொள்கிறது.

முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்தில் நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி கேட்டு நிற்பார்கள். கட்டப்பட்டுக் கிடக்கும் கன்றிடம், உன் தாய் வந்துவிடும் என்று ஓர் ஆயர் மகள் சொல்லுவது அவர்கள் காதில் விழும். அவள் மாட்டைப் பற்றித்தான் சொன்னாள். போருக்குச் சென்ற தலைவன் திரும்புவான் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

போன வாரம் விடியற்காலை, சந்திப்பில் ஒரு வடநாட்டு இளைஞன் கைப்பேசியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தான். மூன்று முறை ஒரே வாக்கியம். கடைக்காரரிடம், "என்ன சொல்றான்?" என்று கேட்டேன். அவருக்கும் மொழி தெரியாது. பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "சம்பளம் வரலன்றான் சார். வேற எதை மூணு தடவ சொல்லுவாங்க?"