சிரட்டையும் பீங்கானும்

(கோவில்பட்டியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



உணவகங்களுக்கென்றே தட்டு, கிண்ணம், குவளை வடிவமைக்கிற சின்னப் பட்டறைகள் இன்று இருக்கின்றன. இதற்கு நம் பக்கத்தில் ஒரு முன்னோடி உண்டு. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே கற்ற பலர் பிறகு சொந்தப் பட்டறை வைத்தார்கள். விளிம்பு உதட்டில் எப்படிப் பட வேண்டும், கைப்பிடிக்குள் எத்தனை விரல் நுழைய வேண்டும் என்றெல்லாம் யோசித்துச் செய்கிற வேலை. நல்ல வேலைதான், குறை சொல்ல வரவில்லை.

ஆனால் அந்தக் குவளை யாருடைய உதட்டுக்கு? இந்தக் கேள்விக்குக் கரிசல்காடு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. எங்கள் தாத்தா பருத்தி எடுத்துவிட்டு டீக்கடைக்குப் போனால், கூரையில் செருகியிருக்கும் சிரட்டையை அவரே எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். கடைக்காரர் உயரத்திலிருந்து ஊற்றுவார். குடித்த பிறகு மறுபடியும் கழுவி அங்கேயே செருக வேண்டும். காசு மட்டும் எல்லோருக்கும் ஒன்று. கை படக் கூடாது, மற்ற கிளாஸ்களோடு கலக்கக் கூடாது, உடைந்தால் நட்டம் வரக் கூடாது. இவ்வளவும் யோசித்துத் தேர்ந்தெடுத்த பாத்திரம் அது. அதுவும் வடிவமைப்புதான் தோழர்களே, வடிவமைத்தது சாதி.

இன்று அதே சிரட்டையை வழவழப்பாகத் தேய்த்து, எண்ணெய் பூசி, பெரிய உணவகங்களில் பழங்களை அடுக்கிக் கொடுக்கிறார்கள். படத்தைப் பார்த்த என் அப்பா, "இதுல திங்க காசு வேற குடுக்கணுமா?" என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

பொது உணவகத்தில் மக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களை ஒருவர் பயன்படுத்துவதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம். 1955ஆம் ஆண்டுச் சட்டம், இன்றைய பெயரில் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 4ஆவது பிரிவில் இதைச் சொல்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை. ஒரு நாட்டின் சட்டம் டம்ளரைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த டம்ளர் எவ்வளவு பேரை அவமானப்படுத்தியிருக்க வேண்டும்!

சட்டத்துக்குப் பயந்த இடங்களில் சாதி வேறு பாத்திரம் தேடியது. இரட்டைக் குவளை வைத்தால் வழக்கு வரும். பேப்பர் கப் கொடுத்தால் 'சுத்தம்' என்று சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் கப்பும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டன. சூழலுக்கு நல்லது. ஆனால் கண்ணாடி கிளாஸ் திரும்பி வரும்போது அது எல்லோருடைய கைக்கும் வருகிறதா என்று யார் பார்ப்பது?

பாத்திரத்தை மாற்றினால் மட்டும் போதுமா என்றால், போதாது. 2023இல், இங்கே பக்கத்தில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டிப் பள்ளியில், தலித் பெண் ஒருவர் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. அமைச்சரும் எம்.பி.யும் வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அங்கே சிக்கல் தட்டில் இல்லை, சமைத்த கை யாருடையது என்பதில் இருந்தது.

கடைசியாக ஒன்று. ஆய்வுக்காக ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். டீக்கடையில், "தம்பிக்கு எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்கள் கையில் கண்ணாடி கிளாஸ், எனக்குப் பேப்பர் கப். 4ஆவது பிரிவு எனக்கு மனப்பாடம். இருந்தும் வாயைத் திறக்காமல் குடித்தேன். நான் சண்டை போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன், எனக்குப் பேட்டி கொடுத்த குடும்பம் அங்கேதானே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அது நியாயமா, பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தனியாளாக இருந்தால் இப்படித்தான் முடியும். அதனால்தான் அமைப்பு வேண்டும் என்கிறேன்.

குவளை செய்யப் படிக்கிறவர்கள் அதன் விளிம்போடு அதன் வரலாற்றையும் படியுங்கள். மற்றவர்கள், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கையில் கிளாஸும் அவர் கையில் பேப்பர் கப்பும் இருந்தால், முதலில் பேச வேண்டியவர் நீங்கள்.